ஹூக்ளி உருளைக்கிழங்கும் தங்காத குளிரும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தார் எவராயினும், வந்த முதல் வாரத்திலேயே காய்கறிக் கடையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ உருளைக்கிழங்கு என்று கேட்டால் கடைக்காரர் தராசைத் தொட மாட்டார். "ஜோதியா, சந்திரமுகியா?" என்பார். நம் ஊரில் உருளைக்கிழங்குக்கு ஊட்டிக் கிழங்கு, மற்ற கிழங்கு என்ற பாகுபாட்டுக்கு மேல் பேர் கிடையாது. இங்கே கிழங்குக்குக் கோத்திரம் சொல்லித்தான் வாங்க வேண்டும். சந்திரமுகி கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல், ருசியும் கூடுதல். பொடிமாஸுக்கு அதுதான் சரி என்பது என் மனைவியின் தீர்ப்பு. ஜோதி அன்றாடப் புழக்கத்துக்கு. இரண்டுமே சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968ல் வெளியிட்ட ரகங்கள். சிம்லாவை அடுத்த குஃப்ரி என்ற ஊரின் பெயரை முன்னால் சேர்த்து 'குஃப்ரி ஜோதி', 'குஃப்ரி சந்திரமுகி' என்பதுதான் அவற்றின் முழுப்பெயர்.

நம்மில் பலர் முப்பது நாற்பது ஆண்டுகளாக இந்த ஜோதியைத் தின்று வருகிறோம். அது எங்கே விளைகிறது, விளைவிப்பவர் என்ன பாடுபடுகிறார் என்று எட்டிப் பார்த்தவர் குறைவு. ஹௌராவிலிருந்து லோகல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்த வயல்களுக்குள் போய்விடலாம். உருளைக்கிழங்கு உற்பத்தியில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் மேற்கு வங்கத்துக்கு. வங்கத்துக்குள் முதன்மையான மாவட்டம் ஹூக்ளி. சேவ்ராபுலியில் பிரிந்து சிங்கூர், கமார்குண்டு, நாலிகுல், ஹரிபால் வழியாகத் தாரகேஸ்வர் போகும் கிளைப்பாதை 1885ல் போடப்பட்டது. தாரகநாதரைத் தரிசிக்கப் போகும் யாத்திரிகருக்காகப் போட்ட பாதை என்று சொல்வார்கள். மாசி மாதத்தில் அதன் இருபுறமும் பார்த்தால் சாமியைவிடக் கிழங்கு மூட்டைதான் கண்ணில் படும்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் பெர்மனெண்ட் வே இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவன் நான். பின்னாளில் அதற்கு செக்ஷன் எஞ்சினியர் என்று பெயர் வைத்தார்கள். நடக்கும் தூரம் மட்டும் குறையவில்லை. என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் ஹௌரா கோட்டத்தில் கழிந்தது. அதில் ஒன்பது ஆண்டுகள் இந்தக் கிளைப்பாதையும் அதைச் சேர்ந்த பிரிவும் என் பொறுப்பில் இருந்தன. என்னிடம் வேலை பார்த்த கேங்மேன்களில் பலர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். காலையில் தண்டவாளம், மாலையில் வயல் என்று வாழ்ந்தவர்கள். கார்த்திகை, மாசி இரண்டு மாதமும் லீவு விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வரும். கார்த்திகையில் வந்தால் நடவு, மாசியில் வந்தால் அறுவடை. காரணம் என்ற இடத்தில் 'வயிற்றுவலி' என்று எழுதியிருப்பார்கள். யாருக்கு எத்தனை பிகா வயிற்றுவலி என்பது எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு பிகா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதில் நல்ல வருஷம் ஐம்பது கிலோ மூட்டையாக எண்பது, நூறு மூட்டை எடுப்பார்கள்.

அந்தக் கேங்குகளில் ஒன்றுக்கு மேட்டாக இருந்தவர் ஹரிபால் பக்கத்துக்காரர். எனக்கு நாலு வயது மூத்தவர். எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். நான் அவரை இன்றும் 'மேட்' என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு நான் இன்றும் 'சாஹேப்'. ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பருக்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போகிறேன். அவருடைய தெருவிலும், பக்கத்துக் கிராமங்களிலும், தாரகேஸ்வர் குளிர்பதனக் கிடங்கு வாசலில் டீக்கடையிலும், கிழங்கு போடுகிறவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதி வைத்தேன்: "உங்கள் சின்ன வயதுக்கும் இப்போதைக்கும் பருவத்தில் என்ன வித்தியாசம்?"

பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. குளிர் தாமதமாக வருகிறது, சீக்கிரம் போய்விடுகிறது. வந்த குளிரும் தங்குவதில்லை. நாலு நாள் வடகாற்று அடிக்கும், அப்புறம் மேகம் மூடிக்கொள்ளும், மறுபடி வியர்க்கும். பனிமூட்டம் ஏறிவிட்டது. மழை வரக்கூடாத மாதத்தில் வருகிறது. 'பருவநிலை மாற்றம்' என்ற சொல்லை இளைஞர்கள் இரண்டொருவர் செல்போனில் பார்த்துச் சொன்னார்கள். முதியவர்கள் யாரும் சொல்லவில்லை. "பருவங்களுக்கு வரிசை தப்பிவிட்டது" என்றார் ஒரு பெரியவர். வங்காளிகளுக்கு ஆண்டில் ஆறு பருவம். அதில் ஹேமந்தம் என்று ஒன்று இருந்ததே, அதைக் காணோம் என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். தொலைந்துபோன ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

மாதப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கும் வங்காளிகளுக்கும் சூரிய மாதம்தான். ஆனால் பெயர் ஒரு படி தள்ளி நிற்கும். அவர்களுடைய கார்த்திக் நம் ஐப்பசி. நம் கார்த்திகை அவர்களுக்கு அக்ரஹாயணம். பௌஷ் என்பது மார்கழி, மாக் என்பது தை. இந்தக் கணக்குப் புரியாமல் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் லீவு விவகாரத்தில் எனக்கும் ஒரு கேங்குக்கும் பெரிய தகராறே நடந்தது. அது வேறு கதை.

அக்ரஹாயணம்தான் கிழங்கு நடும் மாதம். ஆமன் நெல்லை அறுத்து, வயலை உழுது காயவைத்து, விதைக்கிழங்கைக் கண் பார்த்து வெட்டி, பார் பிடித்து நடுவார்கள். பிகாவுக்குச் சுமார் மூன்று மூட்டை விதை. அடியுரம் போடுவது, மண் அணைப்பது, ஆழ்குழாய்த் தண்ணீர், மருந்து என்று போகும். தொண்ணூறு நாள் பயிர். கனா என்ற பழங்காலத்துப் பெண் சோதிடரின் பெயரில் வானிலைப் பழமொழிகள் வங்கக் கிராமங்களில் ஏராளமாக வழங்குகின்றன. அக்ரஹாயண மழை கேடு என்றும், மாக் மாதக் கடைசியில் பெய்யும் மழை நாட்டுக்கு நல்லது என்றும் அவை கூறுகின்றன. முதல் பாதி கிழங்குக்கும் அப்படியே பொருந்தும். இரண்டாவது பாதி பொருந்தாது. தைக் கடைசியில் முற்றும் தருவாயில் இருக்கும் கிழங்குக்கு மழை விஷம். கனா சொன்னது நெல்லுக்கும் பயறு வகைகளுக்கும். உருளைக்கிழங்கோ தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்த விருந்தாளி. ஹூக்ளி வயல்களை அது பிடித்துக்கொண்டது சில தலைமுறைகளுக்கு முன்புதான். ஆகவே கிழங்குக்குப் பழமொழி இல்லை. அப்பா செய்ததும் தாத்தா செய்ததும்தான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். அந்தப் பஞ்சாங்கம் இப்போது தப்பினால் எடுத்துப் பார்க்க வேறு ஏடு கிடையாது.

குளிர் எதற்கு அத்தனை முக்கியம் என்று நம்மவர்கள் கேட்கலாம். உருளைக்கிழங்குச் செடி பகலில் இலையில் சர்க்கரை சமைக்கிறது. இரவு குளிர்ந்தால் அதை மண்ணுக்குள் அனுப்பிக் கிழங்காகச் சேமிக்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த வேலை செவ்வனே நடக்கும். அதற்கு மேல் ஏற ஏறக் கிழங்கு பிடிப்பது குறையும்; சமைத்ததைச் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும், மீதியில் தழையை வளர்க்கும். மேட்டின் பக்கத்து வயல்காரர் சொன்னதும் இதுதான்: "செடி இடுப்பு உயரம், தோண்டினால் கோலிக்குண்டு." அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல.

தண்டவாளக்காரனுக்கும் இந்தச் சமாசாரம் அந்நியமில்லை. பற்றவைத்த நீளத் தண்டவாளத்தை எந்த வெப்பத்தில் இறுக்கிப் பூட்டினோமோ, அதிலிருந்து வெகுவாக ஏறினால் தண்டவாளம் நெளியும், வெகுவாக இறங்கினால் பற்று விடும். அதற்காகவே வெயில்காலக் காவலும் குளிர்காலக் காவலும் வைத்திருக்கிறோம். வெப்பமானியைப் பார்க்காமல் எங்களுக்கு ஒரு நாள் விடியாது. பனிமூட்டம் இறங்கினால் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் பட்டாக்கா கட்டி வைப்போம். எஞ்சின் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். அதே பனிமூட்டத்தில் எங்கள் கேங்மேன் வீட்டில் அவன் தம்பி முதுகில் ஸ்பிரேயர் மாட்டிக்கொண்டு வயலுக்கு ஓடுவான்.

அவன் ஓடுவது 'தோஷா'வுக்குப் பயந்து. வங்காளத்தில் பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு அந்தப் பெயர். முதன்முதலில் கேட்டபோது நான் ஏதோ கிரக தோஷம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் பெரிய பிழையும் இல்லை. பத்து முதல் இருபது டிகிரிக்குள் வெப்பம், இலை மேல் பல மணி நேரம் ஈரம், வானத்தில் மேகம் — இது போதும். இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியது போல ஒரு புள்ளி. விடிகாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம். நாலைந்து நாளில் வயலே வெந்நீர் ஊற்றியது போலக் கருகிப்போகும். காற்றில் ஒரு அழுகல் வாடை வரும்; ரயிலில் போகும்போதே மூக்குக்குத் தெரியும். 1845ல் அயர்லாந்தில் புகுந்து பத்து லட்சம் பேரைப் பட்டினியால் சாகடித்த நோய் இதுதான். இந்தியாவில் இது முதலில் தலைகாட்டியது நம் நீலகிரியில், 1870க்கும் 1880க்கும் இடையில். டார்ஜிலிங்குக்கு வந்தது அதற்கப்புறம்.

ஜோதி வந்த புதிதில் இந்த நோய்க்கு நன்றாக ஈடுகொடுத்தது. ஐம்பது ஆண்டுகளில் நோய்க்கிருமி அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. ஆகவே மருந்தடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. "முன்பு இரண்டு தடவை, மூன்று தடவை. இப்போது ஏழு எட்டு" என்று எல்லோரும் சொன்னார்கள். இதற்குக் காரணம் பருவம் கெட்டது மட்டும்தானா? மருந்துக் கடைக்காரர் வாயைத் திறந்தால் எத்தனை தடவை என்பது இரண்டு கூடும். கிருமியும் மாறியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விவசாயியோ மூன்றையும் மேகத்தின் தலையில் ஏற்றிவிடுகிறார். இதை நான் அவர்களிடமே சொன்னேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இனி 2021, 2023 ஆகிய இரண்டு அக்ரஹாயணங்களுக்கு வருகிறேன். இவற்றைப் பற்றிப் பேசாதவர் ஒருவர்கூட இல்லை.

2021 டிசம்பர் முதல் வாரத்தில் 'ஜவாத்' புயல் ஒடிசாக் கரையை எட்டும் முன்பே வலுவிழந்தது. பத்திரிகைகள் 'ஆபத்து நீங்கியது' என்று எழுதின. ஆனால் வலுவிழந்த அந்த மேகக்கூட்டம்தான் ஹூக்ளியிலும் பர்த்தமானிலும் வந்து கொட்டியது. நட்டுப் பத்து நாள்கூட ஆகாத வயல்கள். வெட்டி நட்ட விதைக்கிழங்கு தண்ணீரில் இரண்டு நாள் நின்றால் அழுகிப்போகும். அதற்கு வேர் இல்லை, இலை இல்லை, வெட்டுக்காயம் மட்டும் உண்டு. சரியாக இரண்டு வருஷம் கழித்து 2023 டிசம்பர் 5ந் தேதி 'மிக்ஜாம்' சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையேறியது. சென்னையில் நம் உறவினர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த அதே 6, 7 தேதிகளில் இங்கே ஹரிபாலில் மேட் வரப்பை வெட்டி வயல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். ஒரே புயல்தான்.

அந்த வருஷம் மேட் நாலு பிகா போட்டிருந்தார். ஒன்றரை பிகா சொந்தம். மீதி ஒத்திகைக்கு எடுத்தது, வாய்ப்பேச்சில். பிகாவுக்குச் செலவு முப்பதாயிரத்தைத் தொட்டது என்றார். மூன்று பிகா அழுகிவிட்டது. மறுபடி நடலாமா வேண்டாமா என்று வீட்டில் மூன்று நாள் பேச்சு. விதை விலை அதற்குள் ஏறிவிட்டது. மழைக்கு மறுநாளே ஏறுமாம். பஞ்சாபிலிருந்து வந்த நல்ல விதை தீர்ந்துபோய், கிடங்கில் கிடந்த சாப்பாட்டுக் கிழங்கை விதை என்று விற்றார்கள். மேட்டின் மனைவி வளையல் இரண்டைக் கழற்றி வைத்தார். அதை அடகு வைத்து இரண்டு பிகா மறு நடவு நடந்தது, டிசம்பர் 20க்கு அப்புறம்.

நான் ஜனவரி கடைசியில் போனபோது வயலில் இரண்டு உயரம் இருந்தது: தப்பிய ஒரு பிகா முழங்கால் அளவு, மறு நடவு சாண் அளவு. "சாஹேப், இரண்டாவது வண்டி லேட்டாக ஓடுகிறது" என்றார் மேட். ரயில்வே ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தாமதமாகக் கிளம்பிய வண்டி தன் பாதை நேரத்தை இழந்துவிட்டால் வழியெல்லாம் மற்ற வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி இன்னும் தாமதமாகும். கிழங்கும் அப்படியே. பருவமழை தாமதமானால் ஆமன் நடவு தாமதம், நெல் அறுப்பு தாமதம், கிழங்கு நடவு தாமதம். கடைசியில் கிழங்கு பருக்க வேண்டிய நாட்களில் பிப்ரவரி வெயில் குறுக்கே வந்து நின்றுகொள்ளும். அந்தப் பிப்ரவரியும் பழைய பிப்ரவரி அல்ல. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் சராசரிப் பகல் வெப்பம் 1901க்குப் பிந்தைய எந்தப் பிப்ரவரியையும்விட அதிகம் என்று வானிலைத் துறை அறிவித்தது. மறு நடவுப் பயிரில் பிகாவுக்கு நாற்பத்தைந்து மூட்டைதான் கண்டது.

காப்பீடு? தாமத நடவுக்கு அதில் இடமிருக்கிறதா, இல்லையா என்று விசாரிக்கும் நிலைக்கே அவர் போகவில்லை. ஒத்திகை நிலம் அவர் பேரில் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லை. நில உரிமையாளர் கையெழுத்துப் போடத் தயங்கினார். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நிலத்தில் பாத்தியதை கேட்பாரோ என்ற பயம். வங்கத்துக் குத்தகைச் சட்டங்களின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வங்கக் கடலில் கார்த்திகை, மார்கழிப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்துப் பாம்பன் பாசஞ்சரைக் கடலுக்குள் இழுத்துப் போன புயலை எந்தத் தமிழ் ரயில்வேக்காரனும் மறக்கமாட்டான். 1977 நவம்பரில் ஆந்திரத்தில் வந்ததும் அப்படியே. ஆகவே ஒரு டிசம்பர் மழையைக் காட்டி 'உலகம் சூடாகிவிட்டது, அதனால்தான்' என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போடலாம், வளைவு போட முடியாது என்று எங்களுக்கு சர்வே சொல்லிக்கொடுத்த வாத்தியார் சொல்வார்.

விவசாயிகளின் நினைவும் முழுக்க நம்பத்தக்கதல்ல. "அப்போதெல்லாம் காளி பூஜை முடிந்ததும் போர்வை எடுத்துவிடுவோம்" என்று பலர் சொன்னார்கள். காளி பூஜை என்பது நம் தீபாவளி அமாவாசை. அது அக்டோபர் நடுவிலும் வரும், நவம்பர் நடுவிலும் வரும். ஒரு மாத ஊசலாட்டம் உள்ள பண்டிகையைக் கொண்டு குளிரை அளந்தால் எப்படி அளவு சரியாக வரும்? இதைச் சொன்னதும் மேட் உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் பழைய ரயில்வே டயரிகள், 1998லிருந்து. மஸ்டர் எழுதிப் பழகிய கை. கேங்மேன் வருகையோடு வீட்டுக் கணக்கையும் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். நட்ட தேதி, தோண்டிய தேதி, மூட்டைக் கணக்கு, மருந்தடித்த நாள்.

இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். வேடிக்கை என்னவென்றால், நட்ட தேதிகள் அன்றைக்கும் முன்னும் பின்னுமாகத்தான் இருந்தன. "எப்போதும் நவம்பர் பத்துக்குள் நட்டுவிடுவோம்" என்று ஊரே சொன்னது பொய்த்தது. பழைய டயரியிலும் நவம்பர் 25, 28 உண்டு. மேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆனால் மருந்துக் கணக்கு அவர்கள் சொன்னபடியே ஏறியிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய வருஷங்களில் 'முதல் நீர்', 'இரண்டாம் நீர்' என்று ஒழுங்காக வரும் குறிப்புகளுக்கு நடுவே, பிந்தைய வருஷங்களில் 'மேகம்', 'மேகம்', 'மேகம்' என்ற ஒற்றைச் சொல் அடிக்கடி வந்தது. மேகம் வந்த நாளைக் குறித்துவைக்க வேண்டும் என்று முன்பு அவருக்குத் தோன்றவே இல்லை. மேகம் கூடியதா, மேகத்தின் மேல் அவருக்குப் பயம் கூடியதா என்பதை அந்த டயரியை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

தேசிய அளவில் பதிவேடு சொல்வது தெளிவாக இருக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. 2024ஆம் ஆண்டு அந்தப் பதிவேட்டிலேயே வெப்பம் மிகுந்த ஆண்டு. முக்கால் டிகிரி என்ன பிரமாதம் என்று தோன்றலாம். ஆனால் ஹூக்ளியின் குளிர்காலம் முன்பே கிழங்குக்குக் கொஞ்சம் குறுகலானதுதான். பஞ்சாப் அப்படியல்ல, அங்கே குளிர் கூடுதலாகவே இருக்கிறது, சற்றுக் குறைந்தால் சில இடங்களில் விளைச்சல் கூடக்கூடும் என்றும், வங்கத்திலும் தக்காணத்திலும் குறையும் என்றும் சிம்லா நிலைய விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். விளிம்பில் நிற்பவனைத் தள்ள விரல் போதும்.

விதை பஞ்சாபிலிருந்து, முக்கியமாக ஜலந்தர் பக்கமிருந்து வருவதற்கும் குளிர்தான் காரணம். அசுவினிப் பூச்சிகள் செடிக்குச் செடி வைரஸ் நோயைப் பரப்பும். வட சமவெளியில் அப்பூச்சி குறைவாக இருக்கும் குளிர் வாரங்களுக்குள் விதைப்பயிரை வளர்த்து முடித்துவிடும் முறையை 1950களில் புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி வகுத்தார். வங்கத்தில் பூச்சி இல்லாத அந்த இடைவெளி அத்தனை நீளம் கிடையாது. குளிர் இன்னும் குறைந்தால் பஞ்சாபிலும் இடைவெளி சுருங்கும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் விதைக்கிழங்கு கூட்ஸ் வண்டியில் வரும். யார்டில் மூட்டை இறங்கும்போது கேங்மேன்கள் கண்ணெல்லாம் அங்கே இருக்கும். இப்போது லாரியில் வந்துவிடுகிறது. (நீலகிரியிலிருந்து ஏன் விதை வருவதில்லை என்று ஒரு சங்க நண்பர் கேட்டார். 1961ல் அங்கே மண்ணில் பொன்னிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது.)

மாற்றுவழி தேடாமல் அவர்கள் சும்மா இல்லை. 'பொக்ராஜ்' என்ற முன்பருவ ரகத்தை அக்டோபரிலேயே நட்டுப் புத்தாண்டை ஒட்டித் தோண்டிவிடுகிறார்கள் சிலர். ஆனால் 2024 செப்டம்பரில் தாமோதர் வெள்ளம், அக்டோபரில் 'டானா' புயல் மழை என்று வந்தபோது முன்பருவம் பிடித்தவர்களே முதலில் அடிபட்டார்கள். 'ஹிமாலினி' போடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தோஷாவை அது ஜோதியைவிடத் தாங்குகிறது என்கிறார்கள். வெப்பம் தாங்கும் 'சூர்யா' என்ற ரகம் 2006லேயே வந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் "கொல்கத்தா பாபுக்கள் ஜோதி, சந்திரமுகி தவிர வேறு பேர் கேட்பார்களா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். நம்மைத்தான் சொல்கிறார்கள். வடிகால் ஆழப்படுத்துவது, பாரை உயர்த்துவது, நட்ட பத்து நாள் வானிலை அறிவிப்பைச் செல்போனில் பார்த்துக்கொண்டே இருப்பது என்பதெல்லாம் இப்போது பழக்கத்துக்கு வந்துவிட்டது. வயலை அவசரமாகக் காலி செய்ய நெல் அறுவடை இயந்திரம் விட்டு மிச்சத் தாளைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையும் பனிமூட்டத்தோடு சேர்கிறது என்பதை அவர்களிடம் சொன்னால் கோபம் வருகிறது.

இத்தனை பேசினாலும், "எது உங்களை அதிகம் கெடுக்கிறது, வானமா விலையா?" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் விலை என்றார்கள். 2024ல் மழையால் மாவட்டமெங்கும் விளைச்சல் குறைந்து விலை ஏறியது. தப்பியவனுக்கு லாபம், பாதிப் பேர் அழுதால்தான் மீதிப் பாதி சிரிக்க முடியும் என்ற ஏற்பாடு. ஏறிய விலையைப் பார்த்துக் கிழங்கு வெளி மாநிலம் போவதை அரசு கட்டுப்படுத்தியது, வியாபாரிகள் ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய நாம் அதை நினைவில் வைத்திருப்போம். அடுத்த பருவத்தில் பெரிய மழை எதுவும் நடவைக் கெடுக்கவில்லை. 2025 மார்ச்சில் அமோக விளைச்சல், விலை சரிந்தது. கிடங்குகளின் முன் டிராக்டர் வரிசை. மேட்டுக்குத் தொண்ணூறு மூட்டைக்குக் குறையாமல் விளைந்தது. போட்ட முதல் முழுசாகத் திரும்பவில்லை. வளையல் மீளவில்லை.

அந்த ஏப்ரலில் அவருடைய இளைய மகன் கோயம்புத்தூர் போய்விட்டான். ஹூக்ளியின் ஆராம்பாக், கானாகுல் பக்கத்துப் பையன்கள் நகைப் பட்டறை வேலைக்குப் பம்பாய்க்கும் தெற்கேயும் போவது பழைய வழக்கம். இவர்கள் வீட்டில் அதுவரை யாரும் போனதில்லை. புறப்படுவதற்கு முன் என் வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க இருந்தான். கோயம்புத்தூரில் குளிருமா, மீன் கிடைக்குமா, அரிசி என்ன விலை, வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 'அண்ணா', 'அக்கா', 'எவ்வளவு', 'பஸ் எங்கே நிற்கும்' என்று ஒரு தாளில் வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் டிரங்குப் பெட்டியோடு ஹௌராவில் இறங்கியபோது ஒரு வங்காளி ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு எழுதிக் கொடுத்த தாளும் கிட்டத்தட்ட இதே அளவுதான் இருந்தது. என் மனைவி அவனுக்கு வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பாதியைத்தான் தின்றானாம், மீதி காரம்.

"வயலில் உனக்கு இஷ்டமில்லையா?" என்று கேட்டேன். "இஷ்டம் இருக்கிறது காக்கா. ஆனால் பட்டறையில் மாதம் முடிந்தால் சம்பளம் இவ்வளவு என்று தெரியும். வயலில் தொண்ணூறு நாள் முடிந்தாலும் தெரியாது" என்றான்.

மேட் இப்போது ஒத்திகை நிலத்தை விட்டுவிட்டார். சொந்த ஒன்றரை பிகாவில் அரைக்குக் கடுகு, ஒரு பிகாவுக்குக் கிழங்கு என்று திட்டம். கடுகுக்கு மருந்துச் செலவு குறைவு, மழையையும் ஓரளவு பொறுக்கும். முழுக்கவும் கடுகே போட்டால் என்ன என்று கேட்டேன். தாரகேஸ்வர் லைனில் பிறந்துவிட்டுக் கிழங்கு போடாமல் இருப்பதா என்று அவர் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னார். டயரியை இன்னும் எழுதுகிறார். நான் வாங்கிக் கொடுத்த அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில், வெயில் படாத பக்கம் தொங்குகிறது. விடிகாலை அளவை எழுதும் வேலை மருமகளுடையது. ஓரத்தில் 'மேகம்' என்று எழுதும் உரிமையை மட்டும் மேட் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.